மூன்றாவது முடிச்சு

தம்புசாமி காரின் பின் கதவுக் கைப்பிடியை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

"சைல்ட் லோக் அண்ணே," என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிவநேசன், கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தபடி. "சின்னவன் ஓடுற கார்ல கதவத் தொறந்துட்டான். அதிலேருந்து போட்டு வச்சிருக்கேன். எங்க போகணும்?"

"நான் எங்கயும் போகல தம்பி. காலையில குடிச்ச தே தாரே டீதான் வெளிய போகணும்னு அடம் பிடிக்குது."

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அமுதவள்ளி திரும்பாமலே சிரித்தாள். சிவநேசன் சிரிக்கவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பத்து தீகா பக்கம் வெள்ளமாம். ஃபெடரல் ஹைவேயின் மூன்று தடங்களும் ஒரே தடமாகக் குறுகி, சுபாங்கைத் தாண்டியதும் வண்டிகள் அப்படியே உறைந்துவிட்டன. மணி பன்னிரண்டே முக்கால். இடப்பக்கம் ஒரு மண் லோரி, வலப்பக்கம் ஒரு பஸ், முன்னும் பின்னும் கார்கள். இருபத்திரண்டு வருடம் கோலாலம்பூரில் டாக்சி ஓட்டிய மனிதரைப் பின் சீட்டில் பூட்டி வைப்பது, சமையல்காரரைப் பந்தியில் உட்கார வைத்து உப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்பது போலத்தான். தம்புசாமிக்குக் கால் வலித்தது, அடிவயிறு வலித்தது, எல்லாவற்றுக்கும் மேலே மனசு வலித்தது.

காரணம் பாலன். மூன்று மணிக்குக் கிள்ளான் நீதிமன்றத்தில் அந்த மெக்கானிக்கின் மேல் கொலை முயற்சிக் குற்றம் சாட்டப் போகிறார்கள். அதற்குள் அவனைக் காப்பாற்ற உருப்படியாக ஏதாவது கொண்டு போகாவிட்டால், பிறகு அவன் வெளியே வர எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் அமுதவள்ளியும் தம்புசாமியும் வைத்திருக்கும் துப்பறியும் அலுவலகத்திலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் ஐந்து நிமிட நடை. ரயிலில் ஏறியிருந்தால் இந்நேரம் கிள்ளானில் இறங்கியிருக்கலாம். தம்புசாமி அதைச் சொல்லியும் பார்த்தார். காரில்தான் போக வேண்டும், அதுவும் சிவநேசன் காரில்தான் என்று அமுதவள்ளி ஒரே பிடிவாதம். அவளே போன் போட்டு, "கோலாலம்பூர் வர்றீங்களாமே, போறப்ப எங்களையும் ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்டாள். சிவநேசனும் பத்தே முக்காலுக்கு வந்து, சாலையில் இரட்டை வரிசையாகக் காரை நிறுத்தி, "யாராச்சும் ஹோர்ன் அடிச்சா தள்ளிப் போடுங்க அண்ணே" என்று சாவியைத் தம்புசாமி கையில் திணித்துவிட்டு, கீழே கடையில் ஆற அமர ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

பாலன் எரித்ததாகச் சொல்லப்படும் காரின் சொந்தக்காரர் பக்கிரிசாமி; அவருடைய தம்பிதான் சிவநேசன்.

சென்ற திங்கட்கிழமை காலை கிள்ளானில் பக்கிரிசாமியின் காரில் முன்பக்கம் புகைந்தது. கரண்ட் செத்ததும் கதவுப் பூட்டும் ஜன்னலும் கூடவே செத்துவிட்டன. நாசி லெமாக் விற்கும் அம்மாள் ஒருத்தி இரும்பு ஸ்டூலால் கண்ணாடியை உடைத்து வெளியே இழுத்துப் போடும்வரை, அந்த மனிதர் புகைக்குள் மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். இன்னும் நினைவு திரும்பவில்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் பாலன் அந்தக் காருக்கு வேறு ஆல்டர்னேட்டர் மாட்டி, அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயரையும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தான். ஒயரைக் கட்டாமல் விட்டதால் வந்த தீ என்றார்கள். வெறும் அலட்சியம் என்றால் வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கும். அதைக் கொலை முயற்சி ஆக்கியது ஒரு குரல் பதிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கிரிசாமியின் மனைவி மாதவியின் போனுக்குப் பாலன் அனுப்பியது.

"அக்கா, அந்தப் பழைய தாலிய அறுத்துட்டேன். நாளைக்கு நானே புதுசா கட்டிர்றேன். கவலப்படாதீங்க."

மாதவி ஆஸ்பத்திரி வாசலில் பிரமை பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் போனைப் போலீசிடம் கொடுத்தவன் சிவநேசன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், தமிழ் தெரிந்தவர் யாரும் அன்று பக்கத்தில் இல்லை. அந்தப் பதிவை மொழிபெயர்த்துச் சொன்னவனும் சிவநேசன்தான். தமிழர்களுக்குத் தாலி என்றால் கல்யாணச் சங்கிலி; அதை அறுப்பது என்றால் புருஷனைக் கொல்வது; புதிதாகக் கட்டுவது என்றால் அவளைத் தானே கல்யாணம் செய்துகொள்வது. இதைவிடத் தெளிவாக எந்தக் கொலைகாரன் எழுதிக் கொடுப்பான்? பாலன் மனைவி சீதாலெட்சுமி இதைக் கேட்டுக்கொண்டு, அழக்கூட முடியாமல் போலீஸ் நிலையத்தில் நின்றிருந்தாளாம்.

அவள்தான் இவர்களைத் தேடி வந்தவள்.

"சிவநேசன், நீங்க லோரி வச்சிருக்கீங்க இல்ல?" அமுதவள்ளி பேச்சுக்குப் பேச்சாகக் கேட்டாள். நெரிசலில் பொழுது போக வேண்டுமே என்கிற குரல். "என்ன சாமான் ஏத்துவீங்க?"

"டைல்ஸ், பிளைவூட். சில நாள் பாசாருக்குக் காய்கறி. செராஸ், ஜெஞ்சாரோம், எல்லா இடமும் ஓடுவேன் மேடம்."

"இந்த மழையில பிளைவூட் நழுவாதா?"

"அதெப்படி நழுவும்? கன்வாஸ் போட்டு மூடி, நாலு பக்கமும் தாலி போட்டு இழுத்துக் கட்டிருவேன்லா. நைலோன் தாலி மேடம், யானையே இழுத்தாலும் அறாது."

பின் சீட்டில் தம்புசாமி சொறிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

மலாயில் தாலி என்றால் கயிறு. பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த ஊரில் லோரி ஓட்டுகிறவனும் மெக்கானிக்கும் கயிற்றையும், ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையையும் தாலி என்றுதான் சொல்வார்கள். பாலன் அறுத்தது ஆல்டர்னேட்டர் ஒயரைக் கட்டியிருந்த பழைய பட்டையை. அப்படியென்றால், ஒரு மலாய்ச் சொல்லை மலாய்க்கார இன்ஸ்பெக்டரிடமே தமிழாக்கி விற்றிருக்கிறான் இந்தத் தம்பி! ஒரு நாளைக்கு இருபது தரம் அதே சொல்லைச் சொல்கிற வாயால்.

அமுதவள்ளி ரயில் ஏன் வேண்டாம் என்றாள் என்பது தம்புசாமிக்கு இப்போதுதான் புரிந்தது. புரிந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது.

"அண்ணே," என்றாள் அமுதவள்ளி. "தம்பிக்கும் பொழுது போகட்டும். சீதா நேத்து சொன்ன கதையச் சொல்லுங்க. மூணு முடிச்சுக் கதை."

அவளுடைய பார்வை டாஷ்போர்டில் எங்கோ நிலைத்திருந்தது. அங்கே பத்துமலைக் கோயிலில் வாங்கிய மூன்று மயிலிறகுகள் நிமிர்ந்து நின்றன. சீட்டின் முதுகு மறைத்ததால் அவற்றின் மேல்பாதி மட்டும்தான் தம்புசாமிக்குத் தெரிந்தது. சொல்லலாமா கூடாதா என்று அவர் ஒரு நொடி யோசித்தார். மேடம் சொல்லச் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். அவர் சிவநேசன் பக்கம் திரும்பினார்.

"அது ஒண்ணுமில்ல பாஸ். நம்ம பாலன் இருக்கானே, அவனுக்குத் தாலிங்கற வார்த்தைய வச்சு ஒரு விளையாட்டு. ஆல்டர்னேட்டர் ஒயரு எந்த வண்டியில போட்டாலும் மூணு இடத்துல கட்டுவான். தாலின்னா மூணு முடிச்சு வேணாமா, அதான். மொத ரெண்டும் பிளாஸ்டிக் பட்டை. மூணாவது எக்ஸாஸ்ட் பக்கத்துல வருது. அங்க சூடு. பிளாஸ்டிக் போட்டா உருகிடும். அதனால அங்க மட்டும் இரும்பு கிளிப்பு, ஸ்க்ரூ போட்டு முடுக்குறது."

"ஓ," என்றான் சிவநேசன்.

"பிளாஸ்டிக் ரெண்டும் தீயில போயிருக்கும், நாயம். இரும்பு எங்க போகும்? நேத்து போலீஸ் யார்டுல போய் எரிஞ்ச வண்டியக் கவுந்து பாத்தோம். ஸ்க்ரூ இருக்கு பாஸ். கிளிப்பு இல்ல."

"போடாம விட்டிருப்பான்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். சீதாதான் சொன்னா, 'எம்புருஷன் கட்டினது தானா அவுறாதுண்ணே'ன்னு. அப்புறம் ஒரு டப்பாவக் கொண்டாந்து காட்டுனா. பூரா கிளிப்பு. ஒவ்வொண்ணுக்கும் மஞ்சள் பெயிண்டு! தாலின்னா மஞ்சள் வேணாமான்னு கேப்பானாம். அதோட விட்டானா? எந்த வண்டிக்குப் போடுறானோ, அந்த நம்பர ஆணியால கிளிப்போட உள்பக்கம் கீறிடுவான். அண்ணன் வண்டி நம்பர் என்ன, அறுபத்திரண்டு பதினெட்டா?"

கண்ணாடியில் சிவநேசனின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மயிலிறகின் பக்கம் போய்விட்டுத் திரும்பின.

டக்.

நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாக இறங்கின.

"போன இங்க குடுங்க மேடம்," என்றான் சிவநேசன். குரலில் இருந்த மரியாதை அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் போய்விட்டது. அமுதவள்ளி மறுபேச்சுப் பேசாமல் நீட்டினாள். அவன் அதைத் தன் பக்கக் கதவின் பைக்குள் போட்டுக்கொண்டான். "அண்ணே, உங்களோடதும்."

"என்னோடது பழசு தம்பி. வெளக்கடிக்க மட்டும்தான் ஆகும்."

"குடுங்க!"

தம்புசாமி கொடுத்தார். வெளியே பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணாடியில் விரலால் பூ வரைந்துகொண்டிருந்தாள். கை நீட்டினால் தொடலாம். ஆனால் இந்த மழை இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் நெரிசலில் சண்டை போடும் குடும்பம் என்று நினைப்பார்கள்.

"அடுத்த எக்ஸிட்ல திரும்புறேன்," என்றான் சிவநேசன். "ஜெஞ்சாரோம் பக்கம் போறோம். செம்பனைத் தோட்டத்துக்குள்ள உக்காந்து பேசுவோம். யாரும் அவசரப்படாதீங்க."

முன்னால் நின்ற கார் இரண்டடி நகர்ந்தது. சிவநேசனும் இரண்டடி நகர்ந்தான்.

"எக்ஸிட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கு," என்றார் தம்புசாமி. "இந்த வேகத்துல ஆளக் கடத்துனா, நாளைக்குக் காலையில பசியாறத்தான் போய்ச் சேருவோம்."

"அங்கிள், வாய மூடுங்க!"

இதுவரை அண்ணே, இப்போது அங்கிள். கோபம் வந்தால் வயசும் ஏறிவிடும் போல. தம்புசாமிக்குக் கேலி பேசாமல் இருக்க முடியாது; பயம் வந்தால் கேலி இன்னும் கூடும். இப்போது அவருக்கு நல்ல பயம். பக்கிரிசாமி கண்ணாடியைத் தட்டிய கை அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. மணி ஒன்று இருபது. இந்தப் பக்கம் இவர்கள் பூட்டிக் கிடக்க, அந்தப் பக்கம் பாலனை இந்நேரம் லாக்கப்பிலிருந்து கிளப்பியிருப்பார்கள். விலங்கோடு வருகிற புருஷனைப் பார்க்க சீதாலெட்சுமி நீதிமன்றப் படியில் நின்றுகொண்டிருப்பாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. டாக்சிக்காரர் மூக்குக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது: பக்கத்து மண் லோரிக்காரன் நின்று நின்று நகர்வதில் கிளட்சைப் போட்டுக் கருக்குகிறான். தம்புசாமி ரொம்ப சாவகாசமாக மூக்கை உறிஞ்சினார்.

"பாஸ், ஏதோ கருகல?"

சிவநேசன் திரும்பிப் பார்த்தான்.

"காலையில சாவி எங்கிட்ட இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்க ரொட்டி சானாய்க்கு இன்னும் கொஞ்சம் டால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. அத்தன நேரம் நான் சும்மா நிப்பேனா? உங்க போனட்டத் தொறந்தேன்."

"என்ன?"

"மேடந்தான் சொன்னாங்க, அண்ணன் வண்டியில எப்படி இருந்துச்சோ அப்படியே இதுலயும் செஞ்சு பாருங்கன்னு. ரெண்டு தாலிய அறுத்தேன். இரும்பக் கழட்டுனேன். ஒயர எடுத்து எங்க வைக்கணுமோ அங்க வச்சேன்."

அமுதவள்ளி ஒரு புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அவளுக்கும் இது புதிய செய்திதான்.

"பொய்," என்றான் சிவநேசன். ஆனால் மூக்கு விடைத்தது.

"பொய்யாத்தான் இருக்கணும். எனக்கும் உயிர் மேல ஆச இருக்கு. ஆனா சூடாக ஒண்ணரை மணி நேரம் ஆகும்னு கணக்குப் போட்டேன். அதுக்குள்ள கிள்ளான் போயிருவோம்னு நெனச்சேன். இப்படி நடுரோட்டுல மாட்டிக்குவோம்னு யாரு கண்டா?" தம்புசாமி முன்னால் சாய்ந்து, அவன் காதருகே குரலைத் தாழ்த்தினார். "கரண்டு போனா இந்தப் பூட்டு தொறக்காது தம்பி. சன்னலும் எறங்காது. தட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

மண் லோரி இன்னொரு தடவை உறுமி நகர்ந்தது. வாடை குபீரென்று உள்ளே அடித்தது.

சிவநேசனின் கை பூட்டைத் தேடியது. பூட்டு மேலே எழும்பிய சத்தம் கேட்ட அதே நொடியில் அவன் கதவைத் திறந்து மழையில் குதித்தான். ஓடவில்லை. நேராகப் போய்ப் போனட்டைத் தூக்கி, எஞ்சினுக்குள் கையை விட்டான். அடுத்த நொடி "ஆ!" என்று அலறிக் கையை உதறினான்.

அமுதவள்ளி சாவியை உருவினாள், இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டாள், மயிலிறகுகளைப் பிடுங்கி வைத்துவிட்டு அவற்றைத் தாங்கி நின்றதை டாஷ்போர்டிலிருந்து பெயர்த்தாள். எல்லாம் ஐந்தே விநாடி. பின் கதவு அப்போதும் திறக்கவில்லை. சைல்ட் லோக்குக்கு யார் கதையும் தெரியாது. தம்புசாமி இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே தன் தொப்பையை நெருக்கித் தள்ளி, ஒரு பிரசவமே நடத்தி வெளியே வந்தார்.

போனட்டுக்கு அடியில் ஆல்டர்னேட்டர் ஒயர் இருந்த இடத்தில் இருந்தது. கட்டு குலையாமல், தொழிற்சாலையில் கட்டியபடியே. சிவநேசன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மழை அவன் தலையில் கொட்டியது.

"இந்த எஞ்சினுக்குள்ள எத்தனையோ ஒயர் ஓடுது," என்றாள் அமுதவள்ளி. "கிளிப்பு எக்ஸாஸ்ட் பக்கத்துலன்னுதான் அண்ணே சொன்னாரு, ஒயர எது மேல வச்சாருன்னு சொல்லல. உங்க கை நேரா எக்ஸாஸ்ட்டு மேலயே போச்சு. இன்னொருத்தர் வண்டியில ஒரு தரம் போன கை."

அவள் உள்ளங்கையை விரித்தாள். ஒரு சின்ன இரும்பு கிளிப். மஞ்சள் பெயிண்ட். உள்பக்கம் ஆணியால் கீறிய எண்: 6218.

சிவநேசன் ஓடுவதற்கு இடம் தேடினான். முன்னால் கார், பின்னால் கார், பக்கத்தில் லோரி. அத்தனை ஹோர்னும் ஒரேயடியாக அவனைப் பார்த்து அலறின. லோரி டிரைவர் தலையை நீட்டி, "என்னா பாஸ், பிரேக்டவுனா?" என்று கேட்டார். ஜன்னல்களிலெல்லாம் முகங்கள். எங்கே போனாலும் நடந்துதான் போக வேண்டும், அத்தனை பேர் பார்க்க. அவன் தன் காரின் பம்பர் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணன் சாகணும்னு நான் நெனைக்கல மேடம். சத்தியமா." தீய்ந்த விரல்களைப் பிடித்துக்கொண்டே சொன்னான். "ஜெஞ்சாரோம் ரோட்டுல ஒரு மோட்டார் சைக்கிள்காரர இடிச்சிட்டேன். நிக்காம வந்துட்டேன். அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சு. நீயே போலீஸ்ல போய்ச் சொல்லு, இல்லன்னா திங்கக்கெழம காலையில நான் போறேன்னுச்சு. வண்டி வழியில நின்னா அண்ணன் அன்னிக்குப் போகாது, கால்ல விழுந்து பேசிக்கலாம்னு ஞாயித்துக்கெழம ராத்திரி அவுத்து விட்டேன். தீப்பிடிக்கும், கதவு தொறக்காதுன்னு... எனக்குத் தெரியாது மேடம்."

"அது தெரியாம இருக்கலாம்," என்றாள் அமுதவள்ளி. "பாலன் தாலின்னு சொன்னது எதன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

தம்புசாமிக்கு ஒன்றே ஒன்று விளங்கவில்லை. கேட்காவிட்டால் தூக்கம் வராது. "ஏன் தம்பி, அந்தக் கிளிப்ப ரோட்டோரச் சாக்கடையில வீசியிருந்தா, ஜென்மத்துக்கும் எங்க கையில கிடைச்சிருக்காதே. அதப் போய் வண்டி முன்னால நட்டு வச்சிருக்கியே, என்ன புத்தி?"

சிவநேசன் அவரை நிமிர்ந்து பார்த்தான். இதையெல்லாம் கேட்பார்களா என்பது போல.

"மஞ்சளா இருந்துச்சு அண்ணே. உள்ள ஏதோ கீறியிருந்துச்சு. அண்ணன் கோயில்ல பூச போட்டு வாங்கி மாட்டுன தகடுன்னு நெனச்சேன். சாமி பொருள எப்படிச் சாக்கடையில போடுறது?"

தம்புசாமிக்குச் சொல்ல வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. கூடப் பிறந்தவன் வண்டியில் கை வைக்கக் கூசாத மனிதனுக்கு, மஞ்சள் பூசிய ஒரு துண்டு இரும்பை எறியக் கை கூசியிருக்கிறது. பாலன் விளையாட்டுக்குப் பூசிய பெயிண்ட் அது.

அமுதவள்ளி கிளிப்பைப் படமெடுத்து இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிட்டு, அவரோடு மலாயில் பேசினாள். தாலி என்ற சொல்லை அவரிடம் மூன்று முறை அழுத்திச் சொன்னாள். மூன்றாவது முறை அவரே அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர், தான் நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்புவதாகவும், நெரிசலில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் இப்போதே வருவார் என்றும் சொன்னார். மணி ஒன்று ஐம்பது.

தம்புசாமி சீதாலெட்சுமியின் எண்ணை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்தாள்.

"அண்ணே, அவர வேன்லேருந்து எறக்குறாங்க. கையில வெலங்கு. என்னப் பாக்க மாட்டேங்குறாரு. ஏதாச்சும் கிடைச்சுச்சா?"

மழையில் நனைந்து நின்ற தம்புசாமி, அமுதவள்ளியின் கையிலிருந்த மஞ்சள் கிளிப்பைப் பார்த்தார்.

"மூணாவது முடிச்சு கிடைச்சிருச்சு சீதா. போய் அவன் கிட்டயே சொல்லு. நீ சொன்னது சரி, அது தானா அவுறல."

அந்தப் பக்கம் அவள் ஓடுகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.